தரை மரமும் சரிவு மரமும்

போடிநாயக்கனூர்க் கடையில் வாங்கிய ஒரு செயின்ஷா இன்றைக்குச் சிலமலைப் பக்கம் பட்டுப்போன புளியமரத்தைச் சாய்க்கும். நாளைக்கு அதே எந்திரம் ஜீப்பின் பின்னால் கிடந்தபடி பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டத்தில் ஒரு பலாமரத்தின் கொப்பை அறுக்கும். எந்திரம் அதுதான், சங்கிலி அதுதான், பல நேரம் பிடித்திருக்கிற ஆளும் அவரேதான். வேலை மட்டும் வேறு. கீழே பழகிய கை மேலே போனதும் அந்தப் பழக்கத்தையே நம்பினால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி. இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாதுகாப்பு விதிகளில் எவை எந்திரத்துக்கு உரியவை, எவை நிலத்துக்கு உரியவை என்று பிரித்துக்கொள்ளலாம். எந்திரத்தின் விதிகளைப் பெட்டிக்குள் வரும் சிறு புத்தகமே சொல்லிவிடுகிறது. நிலத்தைப் பற்றி அது ஒன்றிரண்டு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஏலமலைச் சரிவில் வேலை செய்கிறவருக்கோ அந்த ஒன்றிரண்டு வரிக்குள்தான் முழுப் பிழைப்பும் இருக்கிறது.

முதலில் எந்திரம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆன்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் செய்த சங்கிலி வாள் மின்சாரத்தில் ஓடியது. எடை 64 கிலோ. தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். 1929இல் பெட்ரோலில் ஓடும் மரம் சாய்க்கும் எந்திரம் வந்தது. ஒரே ஆள் தூக்கி வேலை செய்யும் வாள் பரவியது 1950களில். இடையில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்கிற மரவெட்டி, கட்டையைக் குடைந்துபோகும் வண்டுப்புழுவின் தாடை இடமும் வலமுமாக மரத்தை அரிப்பதைக் கவனித்து, அதே மாதிரி சீவித்தள்ளும் சங்கிலிப் பல்லை 1947இல் கொண்டுவந்தார். இன்று நம் ஊரில் அரம் போட்டுத் தீட்டுகிற பல்லும் அந்த வம்சம்தான்.

கோடாரிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகம் என்பார்கள். வேகத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: கோடாரியும் இழுப்பு வாளும் கை நின்றால் நிற்கும். செயின்ஷாவின் சங்கிலி முழு வேகத்தில் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. சங்கிலி சுற்றும் தகட்டின் மூக்கு, அதிலும் மூக்கின் மேல் பாதி, ஒரு கட்டையிலோ கொப்பிலோ முட்டினால் எந்திரம் முழுவதும் அறுக்கிறவரின் முகத்தை நோக்கி மேலெழும்பித் திரும்பும். அது நடந்து முடிந்த பிறகுதான் மனிதனுக்கு அது நடந்ததே தெரியும். இந்த உதைப்புக்கு எதிராகத்தான் 1970களில் சங்கிலி பிரேக் வந்தது. முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் கவசம் கையைக் காக்கும் தடுப்பு மட்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை முன்னால் தள்ளினால் சங்கிலி நிற்க வேண்டும், நிற்கிறதா என்று தினமும் வேலைக்கு முன் பார்க்க வேண்டும். இடது கைக் கட்டைவிரல் முன் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். விரலை மேலே ஒட்டி வைத்துக்கொண்டால் உதைக்கும்போது கை பிடி நழுவும். கையில் தூக்கிப் பிடித்துக் கயிறு இழுத்துக் கிளப்பக் கூடாது. தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் காலை மிதித்து, பிரேக்கைப் போட்டு இழுக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. இவை போடியிலும் ஒன்று, மலைமேல் பூப்பாறையிலும் ஒன்று.

எந்திரத்துக்குள்ளேயே நிலம் நுழைகிற ஓர் இடம் உண்டு: கார்புரேட்டர். போடி நகரத்துக்கும் போடிமெட்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். மேலே காற்று மெலிவு. கீழே சரியாக வைத்த எந்திரம் மேலே போனதும் பெட்ரோலை அதிகமாகக் குடித்துக் கரும்புகை விடும், இழுவை குறையும். தோட்டத்தில் ஒருவர் திருகாணியைத் திருப்பி அதைச் சரிசெய்துவிடுவார். பிறகு அதே எந்திரம் சமவெளிக்கு இறங்கும்போது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். பழியை ஆயில் மீது போடுவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் போதும் என்று தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் நாற்பது ஊற்றுவதும் இந்தப் பயத்தால்தான். திருப்பின திருகாணியை யாரும் நினைப்பதில்லை. இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. முக்கால் வெட்டில் எந்திரம் நின்றுபோனால் பாதி அறுபட்ட மரம் உங்கள் தலைக்கு மேல் நிற்கிறது. சமவெளியில் அதற்கு வடம் இருக்கும், ஆள் இருக்கும், டிராக்டர்கூட வந்துவிடும். மேலே காற்றுதான் அதை முடித்துவைக்கும், தனக்குப் பிடித்த நேரத்தில்.

இப்போது கீழே உள்ள மரத்தைப் பார்ப்போம். ராசிங்காபுரம், தேவாரம் சாலையில் ஒரு பழைய புளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாம் திசைதான். மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் கொப்புச் சுமை அதிகம், மின்கம்பி எங்கே, ஓட்டு வீடு எங்கே, பஸ் எப்போது வரும். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் கம்பிப் பக்கத்து மரத்தைத் தொடுகிறவருக்குச் செயின்ஷா விதிகள் எதுவும் உதவாது. அடிமரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள் பழைய ஆட்கள். வயதான புளி பெரும்பாலும் உள்ளே பொந்து. பொந்து மரத்தில் வெட்டின் நடுவில் நம்பத் தகுந்த கட்டை இருக்காது. இன்னொன்று, சாலையோரப் புளியில் விளம்பரப் பலகை அடித்த ஆணி பல ஆண்டுகளாகப் பட்டைக்குள் புதைந்திருக்கும். சங்கிலி அதில் பட்டால் பல் போகும். அறுந்த சங்கிலி பின்னால் வீசினால் வலது கை போகும். பின் கைப்பிடியின் அடிப்பாகம் அகலமாக இருப்பதும் எந்திரத்தின் அடியில் ஒரு சிறு கொக்கி துருத்திக்கொண்டிருப்பதும் அந்தச் சங்கிலியைப் பிடிக்கத்தான். அந்தக் கொக்கி உடைந்து வெகுநாள் ஆன எந்திரங்கள் கூலிக்கு ஓடுவதை யாரும் பார்க்கலாம்.

திசை முடிவானதும் வெட்டு மூன்று படியாகப் போகிறது. விழ வேண்டிய பக்கத்தில் ஒரு வாய்: மரத்தின் குறுக்களவில் கால் பாகம், மிஞ்சினால் மூன்றில் ஒரு பாகம். மேலிருந்து சரிவாக ஒரு வெட்டு, கீழே கிடையாக ஒரு வெட்டு, இரண்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தாண்டிப் போய்விட்டால் அந்தத் துண்டை எடுத்த பிறகும் உள்ளே ஒரு பொய் வெட்டு இருக்கும், மரம் சாயத் தொடங்கியதும் அது மூடிக்கொண்டு கீலை உடைத்துவிடும். பிறகு எதிர்ப்பக்கத்தில், வாயின் அடிமட்டத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே, பின்வெட்டு. அது வாயைப் போய்த் தொட்டுவிடக் கூடாது. குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அறுக்காத கட்டை நடுவில் நிற்க வேண்டும். அந்தக் கட்டைதான் கீல். கதவுக்குக் கீல் செய்கிற வேலையையே அது மரத்துக்குச் செய்கிறது. விழுகிற மரத்தைத் திசை மாறாமல் பிடித்துக் கொண்டுபோய்த் தரையில் வைப்பது அதுதான், வடம் இல்லை. நம் ஊரில் வடத்தின் மீது இருக்கிற நம்பிக்கையில் பாதியாவது கீலின் மீது இருந்திருந்தால் எத்தனையோ ஓடுகள் தப்பியிருக்கும். வடம் பிடிக்கிற ஆட்கள் இழுக்கிற திசையிலேயே நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மரத்தின் உயரத்தைவிட வடம் குட்டையாக இருந்த கதைகளை ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மரவகைக்குத் தகுந்தபடி கீலும் மாறும். புளி கடினம், கீல் நின்று பிடிக்கும். போடிப் பகுதிக்குப் பேர் வாங்கித்தந்த இலவம், குரங்கணி, கொட்டகுடி அடிவாரங்களில் பஞ்சுக்காக வளர்த்தது, மிருதுவான மரம். கீல் எளிதில் அறுந்துவிடும், அதனால் கனத்தைக் கூட்டி விட வேண்டும். தென்னை வேறு ரகம். ஓரம் இரும்பு, நடு சோறு. பின்வெட்டில் ஆப்பு அடித்தால் நடுவில் அது உள்ளே அமிழுமே தவிர மரத்தைத் தூக்காது. தென்னைக்குக் கயிறு வேண்டும் என்று நம் ஆட்கள் சொல்வது சரிதான்.

இனி மேலே. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டாரம். நிலம் கேரளம், நெடுங்காலமாகக் கூலிக்குப் போகிற கைகளில் பெரும்பங்கு போடி, தேவாரம், கம்பம் பக்கத்துக் கைகள். அதிகாலையில் ஜீப் ஏறி மாலையில் இறங்குகிறார்கள். காய் ஏலத்துக்கு வருவது புற்றடிக்கும் போடிக்கும். ஏலச்செடி காட்டுமரங்களின் நிழலில் வளர்வது. பலா, நாவல், சந்தனவேம்பு, வெடிப்பலா என்று பல சாதி மரங்கள் தோட்டத்துக்குள்ளேயே நிற்கின்றன. இங்கே ஒரு மரத்தை வெட்ட நிற்கிறவர் முதலில் பார்ப்பது மரத்தை இல்லை, அதன் அடியில் நிற்கிற ஏலத்தூர்களை. ஒரு தூர் நட்டுக் காய்ப்புக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஒரு பெரிய மரம் தவறி விழுந்தால் இருபது முப்பது தூர் போகும். கீழே திசையை முடிவு செய்வது கம்பியும் வீடும். மேலே முடிவு செய்வது செடி. கம்பிக்காகவும் வீட்டுக்காகவும் எச்சரிக்கை கூடுகிறது. செடிக்காகவோ எச்சரிக்கை குறைகிறது என்பதுதான் விசித்திரம். செடியைக் காப்பாற்ற வேண்டி மரத்தை அதன் இயல்பான சாய்வுக்கு எதிராக இழுக்கிறார்கள், கீலை மெலிதாக்கித் திருப்பப் பார்க்கிறார்கள், உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்குகிறார்கள். செடியின் விலை மனிதனை மரத்தில் ஏற்றுகிறது.

சரிவில் மரத்தைச் சாய்ப்பதற்கு உள்ள நாலு வழியில் மூன்று கெட்டவை. பள்ளத்தை நோக்கிச் சாய்த்தால் மரம் தரையைத் தொடுவதற்கு முன் கூடுதல் தூரம் விழுகிறது, வேகமாக மோதி உடைகிறது, பிறகு வழுக்கிக்கொண்டு போகிறது. எங்கே நிற்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. மேட்டை நோக்கிச் சாய்த்தால் விழும் தூரம் குறைவு என்றாலும், உச்சி மேட்டில் முட்டியதும் அடிமரம் குற்றியிலிருந்து பின்னுக்கு உதைத்து அறுத்தவர் நிற்கும் பக்கம் இறங்கும். மூன்றாவது, விழும்போது பக்கத்து மரத்தில் மாட்டிக்கொள்வது. நிழல்மரங்கள் நெருங்கி நிற்கும் தோட்டத்தில் இது அடிக்கடி நடப்பது. மாட்டிய மரத்தின் கீழே போய், தாங்கி நிற்கிற மரத்தை அறுத்து இரண்டையும் சேர்த்து இறக்கிவிடலாம் என்று நினைப்பது இந்தத் தொழிலிலேயே மோசமான யோசனை. நல்ல வழி சரிவுக்குக் குறுக்காகச் சாய்ப்பது. ஏல வரிசைகளும் பெரும்பாலும் சரிவுக்குக் குறுக்காகவே ஓடுவதால் வரிசைக்கு இடையில் மரத்தை இறக்கினால் பாதுகாப்பும் செடியும் ஒருசேரத் தப்பும் என்று தோன்றும். அடிமரத்துக்கு அது உண்மை. கவிந்து விரிந்த தலைக்கு வரிசை இடைவெளி போதாது. நாலைந்து தூர் போகட்டும் என்று விட்டுவிடுகிற முதலாளி நல்ல முதலாளி.

மரம் சாயத் தொடங்கியதும் அறுத்தவர் விலக வேண்டும். தரையில் விதி எளிது: விழும் திசைக்கு நேர் பின்னால் போகாமல், பின்புறமாக 45 பாகைச் சாய்வில், இடமும் வலமுமாக இரண்டு தடம் முன்கூட்டியே துப்புரவாக்கி வைப்பது. நேர் பின்னால் நிற்கிறவரைத்தான் துள்ளும் அடிமரம் தேடி வரும். சரிவில் இரண்டு தடம் என்ற பேச்சே இல்லை. மேட்டுப் பக்கத்துத் தடம் ஒன்றுதான் தடம். பின்வெட்டு போடும்போதே மேட்டுப் பக்கம் நின்றிருக்க வேண்டும். அந்தத் தடத்திலும் நீர் பாய்ச்சும் ஹோஸ் குறுக்கே கிடக்கும், மக்கின இலை வழுக்கும், மழைக்குப் பிறகு மண் காலோடு வரும். வேலை தொடங்கும் முன் கால்மணி நேரம் தடத்தை வெட்டிச் சீராக்குவதை நேர விரயம் என்று கங்காணி நினைத்தால், அவரையே ஒருமுறை எந்திரம் ஓடாமல் அந்தத் தடத்தில் ஏறிக் காட்டச் சொல்லலாம்.

மற்றவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? மர உயரத்தைப் போல இரண்டு மடங்கு என்பது உலகமெங்கும் சொல்லும் கணக்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998இல் வனப்பணிப் பாதுகாப்புக்கென்றே ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. சமவெளியில் இந்த இரண்டு மடங்கை இரண்டு பேரைச் சாலையில் நிறுத்திச் சாதித்துவிடலாம்; கூட்டம் வேடிக்கை பார்க்க வரும், ஆனால் கண்ணுக்குத் தெரியும். ஏலத்தோட்டத்தில் ஆள் கண்ணுக்குத் தெரியாது. தூர்கள் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன, இரண்டு வரிசைக்கு அப்பால் இலைச் சுவர். காய் எடுக்கிற பெண்கள் தூரின் அடியில் குனிந்தும் குந்தியும் இருப்பார்கள். எந்திரம் ஓடும்போது அறுக்கிறவர் காதில் எதுவும் விழாது. பள்ளத்தில் இருப்பவர்களுக்கோ எந்திரச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது, மலை அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டும். அதனால் மேலே தூரக் கணக்கு பலிக்காது. ஆள் கணக்குத்தான் பலிக்கும். அறுப்பு நடக்கும் பாத்திக்குக் கீழே அன்றைக்கு யாருக்கும் வேலை கொடுக்கக் கூடாது, எவ்வளவு தூரமானாலும். அறுக்கிறவருக்குப் பக்கத்தில், ஆனால் எட்டி, விசிலோடு ஒருவர். அவர் கை காட்டாமல் பின்வெட்டு தொடங்கக் கூடாது. இந்த விசில் ஆளுக்குக் கூலி கொடுப்பதுதான் பல தோட்டங்களுக்கு மனம் வராத செலவு.

காலமும் ஒத்துவருவதில்லை. நிழலைக் குறைக்கும் கவாத்து வழக்கமாகக் கோடை மழைக்குப் பிறகு, தென்மேற்குப் பருவமழைக்கு முன் நடக்கிறது. அப்போது காயெடுப்பு இல்லை. அறுப்பும் காயெடுப்பும் தனித்தனிக் காலமாக இருந்த அந்த ஒழுங்கே ஒரு பாதுகாப்பு. ஆனால் ஆனி ஆடியில் மழையும் காற்றும் மரங்களைத் தள்ளும். 2022 ஜூலைத் தொடக்கத்தில் இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலையில் இருந்தவர்கள் மீது மரம் விழுந்து உயிர் போனது பலருக்கு நினைவிருக்கும். அப்படி விழுந்த மரத்தை அகற்றுகிற வேலை, செடிக்குள் ஆள் இருக்கும் நாளில், ஈரத்தில், அவசரமாக வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலும் அதே மாதங்களில் காற்று பேய்க்காற்றுதான். ஆனால் அங்கே விழுந்த மரத்தைச் சாவகாசமாக ஞாயிற்றுக்கிழமை அறுக்கலாம்.

விழுந்த மரம் செத்த மரம் என்று நினைப்பது பெரிய தப்பு. அதற்குள் விசை இருக்கிறது. தரையில் இரு முனையும் தாங்கலில் கிடக்கிற கட்டையின் மேல்புறம் அமுங்கியும் அடிப்புறம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு மூடித் தகட்டைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு, பிறகு அடியிலிருந்து மீதி. ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் கணக்குத் தலைகீழ்: முதலில் அடியில், பிறகு மேலே. இதைச் சமவெளியில் விறகுக் கட்டை அறுக்கிற யாரும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள், எந்திரம் மாட்டிக்கொள்ளும் அவமானமே வாத்தியார். சரிவில் இழுவிசை மேலும் கீழுமாக மட்டும் இருப்பதில்லை, பக்கவாட்டிலும் இருக்கிறது. ஒரு குற்றியில் மாட்டி வளைந்து கிடக்கிற கட்டையைப் பள்ளப் பக்கம் நின்று அறுத்தால் அது விடுபடும்போது வில்லாக அடிக்கும். துண்டு உருளும், ஏலத்தோட்டத்து மழைமண்ணில் உருளத் தொடங்கிய துண்டு ஓடையில் போய்த்தான் நிற்கும். ஆகவே மேட்டுப் பக்கமே நிற்பது, அறுக்கும் முன் துண்டுக்கு அண்டை கொடுப்பது.

வேரோடு சாய்ந்த மரம் இவற்றிலெல்லாம் கொடியது. வேர்மண் தட்டை நிமிர்த்திப் பிடித்திருப்பது மரத்தின் எடை. தண்டை அறுத்ததும் அந்த எடை போய்விடுகிறது. வேர்த்தட்டு பழைய குழிக்கே படாரென்று திரும்பலாம், அல்லது சரிவில் கீழே புரளலாம். சமவெளியில் முதல் வகைதான் பெரும்பாலும். மலையில் எது நடக்கும் என்பது மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. தண்டில் ஒரு ஆள் நீளமாவது வேரோடு விட்டு அறுப்பதும், வேர்க்குழிக்குள்ளும் தட்டுக்குக் கீழேயும் யாரும் இல்லை என்று பார்ப்பதும் குறைந்தபட்சம்.

இவ்வளவும் சாய்ப்பதைப் பற்றி. உண்மையில் ஏலமலையில் செயின்ஷா அதிகம் செய்வது சாய்ப்பு வேலை இல்லை. கொப்பு இறக்கும் கவாத்து. காரணம் சட்டத்தில் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசின் 1897ஆம் ஆண்டு அறிவிப்பிலிருந்து வருகிறது ஏலமலைக் காப்பு நிலத்தின் கதை. நிலத்துக்கு வருவாய்த்துறை, மரத்துக்கு வனத்துறை என்று இரட்டை ஆட்சி. நிற்கிற மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. தமிழ்நாட்டுப் பக்கத்திலும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் அனுமதியில்லாத வெட்டைத் தடுக்கிறது. இந்தத் தடைகள் வேண்டும். இல்லாவிட்டால் அந்த மலையில் நிழலும் இருக்காது, ஏலமும் இருக்காது. ஆனால் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு முரண் தெரிகிறது. தரையில் நின்று செய்யும் வேலைக்குத் தடை; நாற்பது அடி உயரத்தில் தொங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு வருஷா வருஷம் தேவை. சட்டம் மரத்தை எண்ணி எழுதப்பட்டது. மரத்தில் ஏறுகிறவரை எண்ணி யாரும் எதுவும் எழுதவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஏறுகிறவர் முன்பு இடுப்பில் வெட்டுக்கத்தியும் ஒரு கயிறுமாக ஏறினார். இப்போது சிறிய செயின்ஷாவைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்கிறார். அங்கே நான் முன்னால் சொன்ன எந்திர விதிகள் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக உடைகின்றன. தரையில் வைத்துக் கிளப்ப வழியில்லை. இரண்டு கையாலும் பிடித்தால் மரத்தைப் பிடிக்கக் கையில்லை. அறுக்க வேண்டிய கொப்பு தோளுக்கு மேலேதான் இருக்கும். சுற்றிலும் சிறு கொப்புகள், மூக்கு எதில் வேண்டுமானாலும் முட்டலாம். உதைத்தால் விலகி நிற்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவரைத் தாங்கியிருக்கிற நைலான் கயிறும் அந்தச் சங்கிலியும் ஓரடி தூரத்துக்குள் இருக்கின்றன. மேலைநாடுகளில் மரமேறி அறுப்பதைத் தனித் தொழிலாகவே பயிற்றுவிக்கிறார்கள். அறுக்கும் நேரத்தில் இரண்டு தனிப் பிணைப்பு, அதில் ஒன்று உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிற கயிறு, கீழே மீட்புக்கு ஏறத் தெரிந்த இன்னொருவர். இவற்றில் ஒன்றுமில்லாமல் எந்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

ஆகவே கவாத்தில் என் வாக்கு வெட்டுக்கத்திக்கும் வளைந்த கைவாளுக்கும்தான். பழமைப் பற்று இதில் கிடையாது. கத்தி கை நின்றால் நிற்கிறது. ஒரு கையால் பிடித்து மறுகையால் மரத்தைப் பற்றலாம். கீழிருந்தே எட்டுகிற கொப்புகளுக்கு நீளக் கம்பில் பொருத்திய வாள் இருக்கிறது. அதுவும் எட்டாத பெருங்கொப்புக்கு மட்டும், பயிற்சியும் இரட்டைப் பிணைப்பும் உள்ளவரை அழைக்கலாம். மரத்துக்கும் கத்தியின் தாமதம் நல்லது. கொப்பை மேலிருந்து ஒரே வெட்டில் அறுத்தால் அது முறிந்து தொங்கி அடிமரத்துப் பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும். அந்தப் புண்ணில் மழைக்காலத்தில் பூஞ்சை ஏறி மரம் சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். ஓரடி தள்ளி அடியில் ஒரு வெட்டு, அதற்குச் சற்று அப்பால் மேலே ஒரு வெட்டு, கொப்பு போன பிறகு மீந்த குற்றியைக் கழுத்தோடு ஒரு வெட்டு என்று மூன்றாகச் செய்தால் புண் ஆறும். கத்திக்காரருக்கு மூன்று வெட்டும் வேர்வை, அதனால் தேவையான கொப்பை மட்டும் எடுப்பார். எந்திரம் கையில் இருந்தால் உச்சியில் ஒரு குடுமியை விட்டு மற்றதையெல்லாம் வழித்துவிடத் தோன்றுகிறது. வெயில் தாங்கும் ஞள்ளானி என்கிற ஏல ரகம் வந்த பிறகு நிழலைக் குறைக்கும் ஆசையும் கூடியது. 2024 கோடையில் இடுக்கி ஏலம் வறட்சியில் கருகியதற்குக் காரணம் மழை பொய்த்ததுதான். வழித்த மரங்கள் அதற்கு உதவியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் நீள இழைகள் அடைத்த கால்சட்டை இருக்கிறது. தொடை இரத்தக்குழாயைக் காக்க அதைவிட நல்லது இல்லை. சித்திரை வெயிலில் போடியில் அதைப் போட்டு வேலை செய்வது வேதனை என்பது நிஜம். மேலே குளிரில் அந்தச் சாக்கு செல்லாது. கீழே லுங்கியும் ரப்பர் செருப்பும், மேலே அட்டைக்குப் பயந்து போட்ட ரப்பர் பூட்ஸ். பூட்ஸ் அட்டையைத் தடுக்கும், சங்கிலியைத் தடுக்காது. தொங்கும் துண்டும் லுங்கி நுனியும் இரண்டு இடத்திலும் வேண்டாம்.

தொடையில் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் கையில் இருப்பது சில நிமிடங்கள். சிலமலையில் அடிபட்டவர் அந்த நேரத்துக்குள் போடி அரசு மருத்துவமனையை நெருங்கிவிடக்கூடும்; பெரிய சிகிச்சைக்குக் கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஏலத்தோட்டத்தில் அந்த நிமிடங்கள் ஜீப் ரோடு வரை தூக்கி வரவே போதாது, அதற்குப் பிறகுதான் வளைவுகள். அதனால் மேலே மருத்துவமனை அறுக்கிறவரின் பக்கத்தில் இருக்கிற ஆள்தான். சுத்தமான தடித்த துணியைப் புண்ணுக்குள் திணித்து, முழு எடையையும் போட்டு அழுத்தி, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்தியே இருக்கத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். விசில் ஆளுக்கே இதைக் கற்றுக்கொடுக்கலாம். அறுப்பு நடக்கிற நாளில் ஒரு ஜீப் சந்தைக்கோ ஸ்டோருக்கோ போகாமல், முகப்பை இறக்கத்துப் பக்கம் திருப்பி, தோட்டத்திலேயே நிற்க வேண்டும். அந்த நாள் வாடகையை மரக்கூலிக் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.